பின் காம்பரா வெயில்

சந்தனம் மணத்தது.

பதுளை பஸ் ஸ்டாண்டில், காலை ஆறரை மணிக்கு, சந்தனமா? வழக்கமாக அங்கே மணப்பது டீசலும், வடைச்சட்டி எண்ணெயும், மடக்கிய குடைகளின் ஈரமும்தான். ஆனால் இது போன வாரம், ஆயுத பூசையன்று. நமுனுகுல பஸ்ஸின் முன் கண்ணாடி முழுக்க மூன்று சந்தனப் பட்டை. நடுவில் குங்குமம். வைப்பரில் செவ்வந்தி மாலை. ஈரம் காயாத அந்தச் சந்தனம் எஞ்சின் சூட்டில் இளகி, டிக்கெட் எடுக்காமலே கடைசி சீட் வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது.

டிரைவர் வெளியே நின்று பஸ்ஸைக் கும்பிட்டார். பிறகு தோளில் கிடந்த துணியை எடுத்து, தன் சீட்டுக்கு நேரே மட்டும், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஏறினார். கிளப்பினார்.

பக்கத்தில் இருந்த சிவநேசன் மாஸ்டர் என் தொடையில் தட்டினார்.

"பாத்தீரோ? பெடியன் பாதை தெரிய இடம் விட்டிட்டான். விளங்கினவன்!"

சிரிக்கத் தொடங்கினோம். நிறுத்த முடியவில்லை. முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் சந்தனத்தைப் பார்த்து இப்படிச் சிரித்தால் யார்தான் திரும்ப மாட்டார்கள்? அவருக்கு விளக்க பஸ்ஸில் நேரமில்லை. உங்களிடம் இருக்கிறது... இந்தப் பக்கம் முழுவதும்.

ராமையாவிலிருந்து தொடங்க வேண்டும்.

அவரை நான் முதலில் பார்த்தது பதுளையில், நெஞ்சு நோய் கிளினிக் பெஞ்சில். என் இருமலுக்கு நம்பர் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் மெலிந்த மனிதர் ஒருவர். பனியன்மேல் ஸ்வெட்டர், மடியில் பழைய பேப்பர். பேப்பரில் இதே பக்கம், இதே பத்தி, என் இதே பழைய போட்டோ. அவர் போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போட்டோவை.

"நீங்களா... இது?"

"ஆமாம்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

"வாரா வாரம்... படிக்கிறேங்க." மூச்சை இழுத்துக்கொண்டார். "ஆனா ஒங்க வாக்கியம்... ரொம்ப நீளம். படிக்கவே... மூச்சு வாங்குது."

அன்றிலிருந்துதான் இந்தப் பத்தியில் வாக்கியங்கள் குட்டையாயின. என் நடை மாறியதற்கு நண்பர்கள் வேறு வேறு காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

ராமையா தேயிலை ஃபேக்டரியில், தூள் சலிக்கும் அறையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். நாம் குடித்த கோப்பைகளின் மிச்சம் அவர் நெஞ்சுக்குள் படிந்து கிடக்கிறது. நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீடு. மனைவி செல்வமணி கொழுந்து எடுக்கப் போகிறார். மகள் கொழும்பில் வேலை.

செல்வமணியிடம் ஒரு கணக்கு இருந்தது. எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்காத கணக்கு.

"ஒரு மூச்சுக்கு எத்தன வார்த்த பேசுறாருன்னு பாப்பேங்க. நாலு வந்துச்சுன்னா தைரியமா மலைக்குப் போவேன். ரெண்டுன்னா மெசின் போடணும். ஒண்ணுன்னா..."

அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

மெஷின் என்றால் நெபுலைசர். மருந்தை ஆவியாக்கி, முகமூடி வழியாக நெஞ்சுக்குள் அனுப்புகிற சின்னப் பெட்டி. கிளினிக்கில் அதை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மகள் வாங்கி அனுப்பியிருந்தாள். எல்லாம் சரி... ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். ஊவா மலையில் மழை தும்மினால் முதலில் படுப்பது கரண்ட்தானே? ஒரு யூகலிப்டஸ் கிளை கம்பியில் விழுந்தால் போதும். இருட்டு. எப்போது வரும் என்று கேட்டால், வரும்போது வரும்.

இதைச் சிவநேசன் மாஸ்டரிடம் ஒரு நாள் புலம்பினேன். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் மின்சாரம் படிப்பிக்கிறவர். மாற்றலாகி வந்தார், திரும்பிப் போக மறந்துவிட்டார். எந்நேரமும் நெற்றியில் மூன்று பட்டை திருநீறு.

"உதுக்கு ஏன் யோசிக்கிறீர்? சூரியன் சும்மாதானே நிக்குது" என்றார்.

அவருடைய பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்குப் பெரிய சோலார் போட்டபோது கழற்றி வைத்த பேனல் ஒன்று கிடைத்தது. ராமையாவின் மகள் பேட்டரி எடுத்து அனுப்பினாள். சனிக்கிழமை ஒன்றில் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம்.

இறங்கிய பிறகுதான் பிரச்சினையே தெரிந்தது.

லயத்துக் கூரை கம்பெனியுடையது. அது எனக்கு முன்பே தெரியும். தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போய்க் கேட்டோம். தகரத்தில் ஓட்டை போடாமல் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றார். நல்ல மனிதர். கூரைக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

வெயிலுக்கு?

அந்த லயத்தில் பன்னிரண்டு காம்பரா, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். முன்னால் ஆறு, பின்னால் ஆறு, முதுகோடு முதுகு ஒட்டி, ஒரே கூரையின் இரண்டு சரிவுகளுக்குக் கீழே. செல்வமணி வீட்டுப் பக்கம் மலையைப் பார்த்தது. மலை நிறைய யூகலிப்டஸ். பதினொரு மணிக்கு வெயில் எட்டிப் பார்க்கும், ஒரு மணிக்குப் போய்விடும். பின் காம்பரா பக்கமோ பள்ளத்தாக்கைப் பார்த்தது. காலை ஏழிலிருந்து வெயில் அங்கே பாய் விரித்துப் படுத்திருந்தது.

மாஸ்டர் கூரை முகட்டில் ஏறி நின்று ஃபோனில் திசை பார்த்தார். "வெயில் முழுக்க அங்கால் பக்கம்தான் கிடக்கு. அங்கைதான் வைக்கவேணும்."

செல்வமணியின் முகம் விழுந்துவிட்டது.

பின் காம்பராவில் மாரியாயி. இருவருக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனால் நான்கு வருடமாகப் பேச்சில்லை. மாரியாயியின் கோழி செல்வமணியின் போஞ்சிப் பாத்தியைக் கிளறிவிட்டதாம். அதிலே ஆரம்பித்தது. அதற்கு முன் 'மதினி, மதினி' என்று ஒரே உலையில் சோறு வடித்தவர்கள்.

"நான் போய்க் கேக்க மாட்டேங்க" என்றார் செல்வமணி.

சரி, நான் போனேன். பக்கத்து வீட்டில் சீனி கேட்டிருக்கிறோம், கறிவேப்பிலை கேட்டிருக்கிறோம், குடை கேட்டிருக்கிறோம். வெயில் கேட்டிருக்கிறீர்களா நீங்கள்? நான் கேட்டேன்.

மாரியாயி விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடரியைக் கீழே வைக்கவில்லை.

"எங்க பக்கம் கண்ணாடிப் பொட்டி வைக்கணுமா? யாருக்கு?"

"ராமையாவுக்கு."

"அண்ணனுக்கா, அவளுக்கா? தெளிவா சொல்லுங்க."

"அண்ணனுக்கு."

"வெயில உறிஞ்சுமாமே? எங்களுக்கு மிச்சம் இருக்குமா? துணி காயுமா?"

"வெயில் குறையாதம்மா" என்றார் மாஸ்டர்.

"கொறஞ்சா வயர புடுங்கி வீசிருவேன். இப்பவே சொல்லிட்டேன்." ஒரு விறகு இரண்டாய்ப் பிளந்தது. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "அண்ணன் மூச்சு இழுக்குறது செவத்துல கேட்டுக்கிட்டே இருக்குங்க. மனுசன் எவ்வளவுதான் கேக்குறது... வையுங்க."

வைத்தோம். தகரத்தில் ஓட்டை போடாமல், இரும்புச் சட்டம் அடித்து, கைமரத்தோடு சேர்த்துக் கட்டி. வயர் முகட்டைத் தாண்டி முன் காம்பராவுக்குள் இறங்கியது. பேட்டரிப் பெட்டியில் பச்சை லைட். மாரியாயி கூரையில் விழுந்த வெயில் செல்வமணி வீட்டில் மெஷினாக ஓடியது. ராமையா நாலு வார்த்தைக்கு வந்தார். ஒரு நாள் ஐந்து.

பெண்கள் இருவரும் மட்டும் அப்போதும் பேசவில்லை.

அந்த வருட ஆயுத பூசைக்கு முதல் நாள் மாஸ்டர் செல்வமணிக்கு ஃபோன் எடுத்தார். கெட்டிக்கார மனிதர், நம் ஆட்களை அறிந்தவர். பேனலில் சந்தனம் பூசிவிடாதீர்கள், கண்ணாடியில் எதுவும் படக்கூடாது என்று சொன்னார். "பூச மாட்டேங்க" என்றார் செல்வமணி. சொன்னபடியே பேட்டரிக்கு ஒரு பொட்டு, மெஷினுக்கு ஒரு பொட்டு. அதோடு சரி.

பூசை முடிந்த மறுநாள் பின்னேரம் இடி இறங்கியது. மழை. மரம் விழுந்து கம்பம் சாய்ந்தது. வழியில் மண் சரிந்து ரோடு மூடியது. கரண்ட் இல்லை.

எனக்குக் கவலையே வரவில்லை. ராமையாவிடம்தான் சூரியன் இருக்கிறதே!

நான்காம் நாள் காலை ஃபோன் வந்தது.

"சார்... பெட்டியில செவப்பு லைட்டு எரியுதுங்க. பின்னேரம்தான் மழ. காலையில நல்ல வெயிலு. ஆனா ஏறவே மாட்டேங்குது. நேத்தோட மெசின் நின்னுருச்சு."

"கையில் இன்ஹேலர் பம்ப் வைத்திருப்பாரே?"

"அது முந்தாநாளே தீந்துருச்சு. லொறி வராது, ரோட்டுல மண்ணு. தூக்கிட்டுப் போகலாம்னா அவரால படுக்க முடியல, ஒக்காந்தே இருக்காரு."

"எத்தனை வார்த்தை?"



"ஒண்ணுங்க."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அவதான் சார். வயர புடுங்கிருக்கா. தெனமும் காலையில கூரையில காலடி கேக்குது. செய்வேன்னு அன்னைக்கே சொன்னாளே?"

போய்ப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பேனலைப் பார்ப்பதென்றால் லயத்தைச் சுற்றிக்கொண்டு மாரியாயி வாசலுக்குப் போக வேண்டும். இருபது அடி தூரம். நான்கு வருட தூரம்.

அடுத்த பஸ்ஸில் மாஸ்டரும் நானும். மண் சரிந்த இடத்தில் பஸ் நின்றுவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றைத் தாண்டினோம். மேலே வானம் கழுவிவைத்த பாத்திரம் மாதிரி. ஒரு மேகமில்லை. தேயிலை இலை ஒவ்வொன்றும் கண்ணைக் குத்தியது. மாஸ்டருக்குக் கோபம் தாங்கவில்லை.

"உவ்வளவு வெயில் எறிக்குது! இதுக்குள்ள ஏன் ஏறாமக் கிடக்குது? எனக்கு விசர் பிடிக்குது!"

போய்ச் சேரும்போது பத்தரை. ராமையா கட்டில் விளிம்பில், முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. கழுத்தில் குழி விழுந்து விழுந்து நிரம்பியது. என்னைப் பார்த்தார்.

"வாங்க."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் வெகுநேரம் மூச்சைத் தேடினார். அந்த நிலையிலும் வந்தவனை வாங்க என்றார்.

செல்வமணி முகமூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். மருந்து ஊற்றியாயிற்று. மெஷினைப் பிளக்கில் செருகியாயிற்று. எந்த நொடியும் கரண்ட் வந்துவிடும் என்பதுபோல... எத்தனை மணி நேரமாக அப்படி நிற்கிறாரோ.

திடீரென்று முகமூடியை என் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். இருபது அடியை அவர் கடக்க நான்கு வினாடி ஆகியிருக்காது.

"மனசாட்சி இருக்கா ஒங்களுக்கு? வயர ஏன் புடுங்கினீங்க?"

மாரியாயி வாசலுக்கு வந்தார். "நானா? வயர தொட்டிருந்தா என் கை வெளங்காம போகட்டும்!"

"அப்ப தெனமும் கூரையில ஏறுனது யாரு?"

"நான்தான் ஏறுனேன்!"

லயமே வாசலுக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு காம்பராவும்.

"எதுக்கு ஏறினீங்க?"

 மாரியாயியின் கண் கூரைப் பக்கம் போனது. அங்கே மாஸ்டர் ஏற்கனவே ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். மேலே போனார். நின்றார்.

"முருகா!"

  நானும் நான்கு படி ஏறி எட்டிப் பார்த்தேன்.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு நெற்றி இருந்தது! இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மூன்று சந்தனப் பட்டை, கை அகலத்துக்கு. ஒரு பட்டையின்மேல் இன்னொரு பட்டை, அதன்மேல் மற்றொன்று. காலை வெயிலில் சுட்டு, மழையில் ஊறி, மறுபடி சுட்டு, வற்றிய குளத்தின் சேறுபோல் வெடித்திருந்தது. நடுவில் சாஸர் அளவு குங்குமம். குறுக்கே வாடிய செவ்வந்தி மாலை.

"ஆர் இந்த வேலை பாத்தது?" மாஸ்டரின் குரல் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறியது.

"நான்தாங்க பூசுனேன்" என்றார் மாரியாயி.

கையைக் கூரைப் பக்கம் நீட்டினார்.

"எங்க கூரைக்கு வந்து ஒக்காந்திருக்காரு சூரிய பகவான். ஊரே கத்திக்குப் பூசுது, மம்பட்டிக்குப் பூசுது. இவரு மட்டும் வெறும் நெத்தியோட இருக்கலாமா? அன்னைக்கு ஒரு பட்டை போட்டேன். மறுநாள் கரண்ட் போச்சு. அண்ணன் இழுக்குற சத்தம் செவத்துல கேக்குது. சாமிக்குப் பத்தல போலன்னு இன்னும் கொஞ்சம் பூசுனேன். சத்தம் கூடுச்சு. நானும் கூடப் பூசுனேன். இன்னைக்கு விடிய இருந்த சந்தனம் எல்லாத்தையும் கரைச்சு..."

புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்.

செல்வமணியிடம் மாஸ்டர் ஃபோனில் சொன்னது, அந்த ஒற்றைச் சுவரைத் தாண்டியிருந்தால் போதுமாக இருந்தது. இருமல் தாண்டியது. சேதி தாண்டவில்லை.

மாஸ்டர் கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வாயையும் திறந்துவிட்டார். ஆனால் கை தானாக உயர்ந்து, தன் நெற்றிப் பட்டையைத் தொட்டது. 

"அம்மா" என்றார், வேறு ஆளின் குரலில். "உது சூரியன்ர நெத்தி இல்லை, கண். கண்ணில பூசினா அவர் எப்பிடிப் பாப்பார்?"

"மூணு பட்டைதானுங்களே... மிச்ச எடத்துல வெயில் படாதா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"வரிசையா நிண்டு தண்ணி வாளியைக் கைமாத்திறீங்கள். நடுவில ஒராள் கையைக் கட்டிக்கொண்டு நிண்டா, கடைசி ஆளுக்குத் தண்ணி வருமோ? உள்ளுக்க அப்பிடித்தான் கோர்த்திருக்கு. கதைக்க நேரமில்லை. தண்ணி, தண்ணி! கெதியா!"

கரண்ட் இல்லாததால் குழாயில் தண்ணீர் இல்லை. மலையிலிருந்து ஒழுகும் பீலிதான் ஒரே வழி. மாரியாயி தலைப்பை வாயிலிருந்து எடுத்தார். இடுப்பில் செருகினார்.

"ஏய் செல்வமணி, என்னைய மொறச்சது போதும். ஓடி பீலியில தண்ணி புடி!"

செல்வமணி ஓடினார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. பீலியிலிருந்து ஏணி வரை லயமே வரிசையாக நின்றது. வாளி கைமாறிக் கைமாறி வந்தது. மாஸ்டர் மேலே நின்று சத்தம் போட்டார்: "சுட்ட கண்ணாடியில பச்சத் தண்ணி ஊத்தாதேங்கோ, வெடிச்சிடும்! துணியை நனைச்சு ஒத்தி எடுங்கோ! ஐயோ, தேங்காத் தும்பால தேய்க்காதேங்கோ!" மாரியாயி தான் பூசியதைத் தானே துடைத்தார், குழந்தையின் கண்ணில் பூளை எடுக்கிற மாதிரி. ஏணியில் பாதி ஏறி நின்று துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்தவர் செல்வமணி. மஞ்சள் தண்ணீர் தகரத்தில் வழிந்து, பள்ளம் பள்ளமாக இறங்கியது. லயம் முழுக்கச் சந்தனம் மணத்தது.

பெட்டியில் சிவப்பு அணைந்தது. பச்சை வந்தது.

"இப்ப போட ஏலாது" என்றார் மாஸ்டர். "பேட்டரி வெறுமையாக் கிடக்கு. இப்ப போட்டா ரெண்டு நிமிசத்தில நிண்டுடும். கொஞ்சம் ஏறட்டும். ஒரு மணித்தியாலம்."

ஒரு மணித்தியாலம்! உள்ளே ராமையாவின் தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே நமுனுகுல மலைக்குப் பின்னால் முதல் மேகம் தலை நீட்டியது. மத்தியானத்துக்கு மேல் வானம் மூடிவிடும். எல்லாருக்கும் தெரியும். 

மாரியாயி வாசலில் நின்று மேகத்தைத் திட்டத் தொடங்கினார்.

"எங்க வர்ற? இங்க ஒனக்கு என்ன வேல? அந்தப் பக்கம் போ. எல்ல டவுன் பக்கம் போய்ப் பெய், அங்க வெள்ளக்காரன் வேடிக்க பாக்க வந்திருக்கான்!"

யாரோ சிரித்தார்கள். உள்ளே கட்டிலில், ராமையாவின் உதட்டோரமும் அசைந்தது. பார்த்தேன்.

நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாசலில் விழுந்த கூரை நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலை இத்தனை வருடம் எதற்கெல்லாம் திட்டியிருக்கிறேன்... வேர்த்தது என்று, கண் கூசியது என்று, சட்டை வெளுத்தது என்று. அன்று முதல் தடவையாக அதன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரு. இன்னும் கொஞ்சம் இரு.

மேகம் மலையைத் தாண்டி வந்தது. நிழல் தேயிலைமேல் ஊர்ந்து, பள்ளத்தைக் கடந்து, கூரையைத் தொட்டது. வெயில் போய்விட்டது.

மாஸ்டர் மீட்டரை வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"போடுங்கோ."

செல்வமணி சுவிட்சைத் தட்டினார்.

கர்ர்ர்... ஜலதோஷம் பிடித்த தையல் மெஷின்போல ஒரு சத்தம். அதைவிட நல்ல சங்கீதத்தை நான் கேட்டதில்லை. முகமூடிக்குள் வெள்ளை ஆவி எழுந்தது. வெளியே தூறல் தொடங்கிவிட்டது. வானத்தில் பொட்டு வெயில் இல்லை. ஆனால் போய்விட்ட வெயில் அந்தச் சின்ன மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆவி ஆவியாக ஒரு மனிதனுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மருந்து தீரும்வரை மெஷின் நிற்கவில்லை.

ராமையா முகமூடியைக் கழற்றினார். தோள் அடங்கியிருந்தது. எதையோ சொல்லப் பார்த்தார். செல்வமணி குனிந்து காதைக் கொடுத்தார். மாரியாயி வாசல்படியில் நின்றார். நான்கு வருடமாக அவர் மிதிக்காத படி.

"தங்கச்சிக்கு டீ குடு."

செல்வமணி எங்களைப் பார்த்து மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார்.

மறுநாள் ரோட்டைத் திறந்தார்கள். ராமையாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கரண்ட் அதற்கும் பிந்தித்தான் வந்தது.

சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேசப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். யூனிட், வாட், திட்டம்... எனக்கு அதெல்லாம் ஓடாது. எனக்குத் தெரிந்தது ஒன்று: வெயில் எல்லாருக்கும் பொது என்கிறோம், ஆனால் அது விழுவது யாரோ ஒருவர் கூரையில். சில நேரம், நாம் பேசாமல் விட்டவர் கூரையில்.

இன்னொன்றும் உண்டு. நன்றி சொல்லத் தெரியாதவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். நன்றியை அப்பி அப்பியே மூச்சு முட்ட வைப்பவர்களைப் பற்றி எழுதியதில்லை. நானே அந்த ரகம்தான். ஒரு நண்பர் உதவி செய்துவிட்டால், நாலு பேர் முன்னால் அவரைப் புகழ்ந்து, மாலை போட்டு, கூச்சத்தில் அவர் என் வீட்டுப் பக்கமே வராதபடி செய்துவிடுவேன். நன்றியைக் கொஞ்சம் ஓரமாகப் பூச வேண்டும். உதவி செய்தவர் தன் வேலையைச் செய்ய இடம் விட்டு.

இனி, போன வாரம்.

இந்த வருடப் பூசைக்கு மாரியாயியே ஃபோன் எடுத்து அழைத்திருந்தார். "வராட்டி பேச மாட்டேன்" என்ற மிரட்டலோடு. அவர் பேசாமல் இருந்தால் எத்தனை வருடம் இருப்பார் என்று தெரியும். போனோம்.

மாஸ்டர் டீகூடக் குடிக்கவில்லை, நேரே ஏணியில் ஏறினார். கண்ணாடி பளபளவென்று இருந்தது, மேலே போன ஒரு மேகம் அதற்குள் நகர்வது தெரியும்படி. சுற்றியுள்ள அலுமினியச் சட்டத்தில் மட்டும், நாலு மூலையிலும், விரல் நுனியளவு சந்தனம். மாலை சட்டத்துக்குக் கீழே, நிழல் விழாமல் தொங்கியது.

"சரியா மாஸ்டர்?" கீழிருந்து மாரியாயி.

"நூத்துக்கு நூறு!"

"பொறவு? நாங்க மட்டும் என்ன, படிக்காத ஆளுங்களா?"

"வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல மதினிக்கு" என்றார் செல்வமணி, கடலை தாளித்தபடி. "மொதல்ல ஒங்க கோழிய போஞ்சிப் பாத்தியிலேர்ந்து வெரட்டுங்க."

கோழிப் பிரச்சினை தீரவில்லை. தீராது போலிருக்கிறது. இப்போது அதை வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அது போதும்.

கிளம்பும்போது ராமையா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பஸ் பாதைப் படிக்கட்டு வரை கூடவே வந்தார். நெஞ்சு நெஞ்சுதான், தூசி போய்விடாது. ஆனால் அன்று நல்ல நாள். செல்வமணி பழக்கம் விடாமல் இரண்டடி பின்னால் வந்தார், விரலை மடக்கிக்கொண்டு.

"இந்த வாரம் என்ன... எழுதப் போறீங்க?" என்றார் ராமையா.

"உங்களைத்தான்."

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. ராமையா நெஞ்சை நிமிர்த்தி ஒரு மூச்சு இழுத்தார். அவர் பேசப் பேச, பின்னால் செல்வமணி ஒரு கை விரல்களை எண்ணி முடித்து, அடுத்த கையையும் முடித்து, எண்ண முடியாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"எழுதுங்க, ஆனா எனக்காகன்னு இனிமே வாக்கியத்த துண்டு துண்டா வெட்டாதீங்க, இப்ப நம்மாலயும் நீளமா படிக்க முடியும், பஸ்ஸு வந்துருச்சு, ஓடுங்க, போயிட்டு வாங்க!"